மூன்றேகால் மணிக்கு இருமியவள்

பாடகி இறந்து இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு, டயர் பட்டறையின் மாடி அறையில் இருமினாள். கீழே லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த பட்டறைக்காரர் கம்பியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் போன் செய்தார். பாடகியின் கணவன் அப்போது இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஊசல் குண்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். "சார், மேல அக்கா இருமுறாங்க. வர்றீங்களா?" என்றார் பட்டறைக்காரர். அவன் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் அவள் இருமி முடித்து, பாட முயன்று, விட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது.

அவள் பாடிய துரு என்ற ராக் குழுவில் நான்கு பேர். பாடகி, கிட்டார் வாசித்த அவள் கணவன், டிரம்ஸ் அடித்த அவள் தம்பி, பேஸ் வாசித்த ஒருவன். நான்காமவனை எல்லாரும் தூண் என்று கூப்பிட்டார்கள். மேடை தீப்பிடித்தாலும் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டான் என்பதால் வந்த பெயர். பிறகு ஒருமுறை மேடை உண்மையிலேயே தீப்பிடித்தது. நகரவில்லை. பட்டறையின் மாடி அறைதான் அவர்கள் பயிற்சிக்கூடம். மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து வாங்கிய பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்திக் கட்டியிருந்தார்கள். அறையில் எப்போதும் சூடான ரப்பர் வாடை. கிட்டார்காரன் ஆய்வகத்திலிருந்து ஓர் இசைக்கவையைக் கொண்டுவந்திருந்தான். அதை முழங்காலில் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, அந்தச் சுருதிக்குக் கம்பிகளை முறுக்குவான். கல்லூரி அதை இன்றுவரை தேடவில்லை.

இரண்டாம் வருடத்தில்தான் முதல் பெரிய சண்டை நடந்தது. தம்பி வேகமாக அடிக்கிறான் என்றான் கிட்டார்காரன். "நான் சரியாத்தான் அடிக்கிறேன் மாமா. உங்க விரலுக்குத்தான் வயசாயிடுச்சு. அக்கா பாவம்னு சேத்துக்கிட்டா, தலைமேல ஏறி உக்காந்துட்டீங்க" என்றான் தம்பி. கிட்டார்காரன் மைக் நின்ற கம்பத்தை எட்டி உதைத்தான். மைக் தரையில் விழுந்து அதன் வலையில் ஒரு பள்ளம் விழுந்தது. பாடகி அதை எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினாள். அவள் வாய் திறந்த பிறகு அரை நொடி கழித்துக் குரல் வந்தது.

கேபிளை மாற்றினார்கள், மிக்சரை மாற்றினார்கள், ஸ்பீக்கரை மாற்றினார்கள். வேறு யார் பேசினாலும் அந்த மைக்கில் உடனே கேட்டது. அவள் குரல் மட்டும் பிந்தியது. வேறு மைக்கில் பாடினால் அவள் குரல் வரவே இல்லை. மைக் இல்லாமல் பேசும்போது அவளும் எல்லாரையும்போலத்தான் பேசினாள். கிட்டார்காரன் நிறுத்துகடிகாரம் வைத்து அளந்து, பூஜ்யம் புள்ளி நான்கு நொடி என்று சுவரில் எழுதினான். அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. தொந்தரவு என்றார்கள். அரை நொடி முன்னால் பாடப் பழகிக்கொண்டாள்.

அதன் பிறகு சண்டைக்குச் சண்டை தாமதம் கூடியது. முதல் இசைத்தட்டின் அட்டையில் யார் முன்னால் நிற்பது என்பதில் ஆறு நொடி போனது. கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் எவ்வளவு நீளம் என்பதில் இரண்டு நிமிடம். தூண் திருமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, பொண்ணுக்கு உன் முகத்தை யாராவது காட்டினார்களா என்று மற்ற மூவரும் கேட்டதில் நான்கு மணி நேரம். ஒரு திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் வேனில் நடந்த சண்டை எதைப் பற்றியது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அன்று மேடையில் அவள் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினாள். ஒரு சத்தமும் வரவில்லை. கூட்டம் பாட்டில்களை எறிந்தது. அவற்றில் ஒன்று தூணின் நெற்றியில் பட்டது. அவன் நகரவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு, அணைக்க மறந்துபோன அந்த மைக்கிலிருந்து முழு நிகழ்ச்சியும் வந்தது. மேடையைப் பிரித்துக்கொண்டிருந்த தச்சர்கள் ஆறு பேர் பலகைகள்மேல் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். துரு பாடியதிலேயே சிறந்தது அதுதான் என்று அவர்கள் பிறகு சொல்லிவந்தார்கள்.

தாமதம் ஒன்பது நாள் ஆனபோது ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் முன்னால், அதே நேரத்துக்கு, மாடி அறையில் அவள் மொத்தத்தையும் பாடிவிடுவாள். நிகழ்ச்சியன்று மேடையில் நின்று வாயசைப்பாள். மற்றவர்கள் காதில் மாட்டிய தாளக் கருவியைக் கேட்டு வாசிப்பார்கள். இதனால் நாட்டிலேயே சொன்ன நேரத்துக்குத் தொடங்கும் ஒரே ராக் குழு துருதான் என்று பெயர் வந்தது. பிந்தினால் குரல் அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு கல்லூரியில் முதல்வர் வரவேற்புரையை முடிக்காமல் இழுத்தபோது, இளைஞர்களே நீங்கள் என்று அவர் சொன்ன இடத்தில் பாடகியின் முதல் அலறல் வந்தது. முதல்வர் உட்கார்ந்துவிட்டார். பாட்டுகளுக்கு நடுவே, "எப்படி இருக்கீங்க எல்லாரும்?" என்று கேட்டுவிட்டு ஒன்பது நாளுக்கு அப்புறம் வரப்போகும் பதிலுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். கற்பனையில் கேட்டு, தலையாட்டி, சிரித்து, அடுத்த பாட்டுக்குப் போவாள். அவள் விட்ட இடைவெளி ஒருபோதும் தப்பியதில்லை. ஒரு பத்திரிகை இதை உதட்டசைவு மோசடி என்று எழுதியது. குரல் அசல்தான், கொஞ்சம் பழையது என்று குழுவின் மேனேஜர் மறுப்பு அனுப்பினார். அச்சாகவில்லை.

எந்தச் சண்டை குரலைத் தள்ளுகிறது, எது தள்ளவில்லை என்பதைக் கவனித்தவன் தூண். அவன் வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவன். "கத்துறது கணக்குல வரல. திருப்பி எடுக்க முடியாத மாதிரி ஒண்ணு சொன்னாத்தான் தள்ளுது. அதுவும் நெஜமா இருக்கணும்" என்றான். சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிற்பகல் முழுக்க ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். பட்டறைக்காரர் மேலே ஏறி வந்து, "போலீஸைக் கூப்பிடவா, டீ சொல்லவா?" என்று கேட்டார். ஒரு நொடிகூடத் தள்ளவில்லை. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, இந்தச் சண்டையெல்லாம் முதலில் ஆரம்பித்தது யார் என்ற பேச்சு வந்தது. அதில் இரண்டு வாரம் போனது.

அத்தோடு தாமதம் இருபத்து மூன்று நாளாகி நின்றது. நின்றதற்குக் காரணம், அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரோடொருவர் அளந்துதான் பேசினார்கள். சொல்லாமல் விட்டவை சேர்ந்தன. அவற்றில் பெரியது ஒன்று. துருவின் பேர் சொன்ன பாட்டின் தலைப்பு பூட்டு. அதன் கடைசிச் சொல் திற. அந்தச் சொல்லை உச்சியில் பிடித்துப் பன்னிரண்டு நொடி நிறுத்துவாள். அதற்காகவே கூட்டம் வந்தது. எட்டாம் வருடத்தில் அந்த உச்சி அவளுக்கு எட்டவில்லை. கிட்டார்காரன் யாரிடமும் பேசாமல் இசைக்கவையைப் பெட்டியில் போட்டுவிட்டு, கம்பிகளை அரைச் சுருதி இறக்கினான். தூணும் இறக்கினான். அடுத்த வருடம் இன்னோர் அரை. எல்லாம் சேர்ந்து இறங்கியதால் பாடுகிறவளுக்குத் தெரியவில்லை. இன்னமும் தொடுகிறேன் பார் என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் சொல்வாள். தம்பி தலையைக் குனிந்து குச்சிகளைத் துடைப்பான்.

பதினோராம் வருடம் அவளுக்கு நோய் வந்தது. நுரையீரல். டாக்டர் கணவனைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று மாதம் என்றார். அவன் வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கணக்குப் போட்டான். அவள் போன பிறகு இருபத்து மூன்று நாள் குரல் வரும். போதாது. இசைத்தட்டுகள் இருந்தன. ஆனால் தட்டில் இருப்பவள் முடிந்துபோனவள். தாமதத்தில் இருப்பவள் இன்னும் வந்துகொண்டிருப்பவள். அவன் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். எதைச் செய்தால் எது நீளும் என்று அவனுக்குத் தெரியும்.

அவள் சமையலறை மேசையில் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி ஜன்னலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். கணவன் உட்காரவில்லை.

"பூட்டு பாட்டுல அந்த உச்சத்தை நீ தொட்டு மூணு வருஷம் ஆச்சு" என்றான்.

"என்னடா உளறுற? போன மாசம்கூடத் தொட்டேனே."

"நாங்க கம்பியை இறக்கிட்டோம். முதல்ல அரை, அப்புறம் முழுசா. நீ நின்ன எடத்துல நின்னே. நாங்கதான் தரையை ஒசத்தினோம்."

அவள் தம்பியைப் பார்த்தாள். "ஆமாவாடா?"

தம்பி ஆரஞ்சைக் கீழே வைத்தான். "மாமா, வேணாம். இப்பப் போயி எதுக்கு?"

"உன்னைத்தான் கேட்டேன். ஆமாவா இல்லையா?"

"ஆமாக்கா."

"தூணுக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்" என்றான் கணவன். பிறகு நிறுத்தியிருக்கலாம். இருபத்து மூன்று நாள் எத்தனை நாளாகியிருக்கும் என்று தெரியாததால் நிறுத்தவில்லை. "ஆறாம் வருஷம் உன்னை விட்டுப் போகலாம்னு பெட்டி கட்டினேன். ஞாபகம் இருக்கா, பீரோவுல என் சட்டை எதுவும் இல்லாம இருந்துச்சே. சலவைக்குப் போட்டிருக்கேன்னு சொன்னேன். சலவை இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். திரும்பி வந்ததுக்குக் காரணம் நீ இல்ல. அடுத்த வாரம் நிகழ்ச்சி இருந்துச்சு."

அது உண்மை. அவள் மாத்திரைகளைப் பிரித்து முடித்தாள். மூடியை அழுத்தி மூடினாள். "அந்தக் கவையை எடுத்துக் குடுடா" என்று தம்பியிடம் சொன்னாள். அதுதான் அந்த வீட்டில் கணவன் காதில் விழும்படி அவள் பேசிய கடைசி வாக்கியம்.

மறுநாளிலிருந்து தினமும் மூன்று மணிக்குத் தம்பி அவளைக் கைத்தாங்கலாகப் பட்டறை மாடிக்கு ஏற்றிவிட்டுக் கீழே வந்து நிற்பான். அவள் உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். கவை முழங்காலில் படும் சத்தம் கீழே கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. மற்றது மைக்குக்குள் போனது. முப்பது நாள் இப்படி நடந்தது. வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் தம்பிக்குப் போன் செய்வாள், தம்பி கணவனுக்குப் போன் செய்வான், கணவன் பக்கத்து அறையிலிருந்து எழுந்து போய் டம்ளரை வைப்பான். முப்பத்தொன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனாள். அங்கே ஒன்பதாம் நாள், கணவன் வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, இறந்தாள். வராந்தாவில் தம்பி அவனிடம், "அக்காவுக்கு இருந்ததே கொஞ்ச நாள். அதையும் நீங்க பிடுங்கி உங்களுக்கு எடுத்து வெச்சுக்கிட்டீங்க மாமா" என்றான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து படிவங்களில் கையெழுத்துப் போட்டார்கள்.

சண்டைக்கு முன்னால் பாடிய மிச்சம் அதற்குள்ளேயே வந்து தீர்ந்திருந்தது. கணவன் காத்திருந்தான். மாடி அறையில் மைக்கும் மிக்சரும் அணையவே இல்லை. மின்சாரம் போனால் ஓட ஒரு பேட்டரியை இணைத்தான். பகலில் தன்னால் இருக்க முடியாது என்று பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்தான். "சத்தம் வந்தா சொல்றேன் சார். எங்க போயிடப்போகுது" என்றார் அவர். ஆறு மாதம் வரவில்லை. ஒரு வருடம் வரவில்லை. மேனேஜர் ஒரு புதுப் பாடகியைக் கொண்டுவந்தார். பள்ளம் விழுந்த மைக்கில் இவள் குரல் உடனுக்குடன் வந்தது. துருவிடம் ஏதோ குறைகிறது என்று கூட்டம் கலைந்துபோனது. தம்பி வேறு குழுவுக்குப் போனான். தூண் காப்பீடு விற்கப் போனான். அசையாமல் எதிரே நிற்கிறான் என்பதால் நிறையப் பேர் கையெழுத்திட்டார்கள். கிட்டார்காரன் வீட்டைக் காலி செய்துவிட்டு மாடி அறைக்கே குடிவந்தான். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

இருமல் வந்த மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தான். மூன்றேகாலுக்கு அவள் தொண்டையைச் செருமினாள். நேராக, திற என்று உச்சிக்குப் போனாள். பழைய சுருதி. கவையின் சத்தம் அன்றே வந்து போய்விட்டதால், குரல் மட்டும் ஆதாரமில்லாமல் தனியாக ஏறியது. அரைச் சுருதி கீழேயே உடைந்தது. மறுபடி ஏறினாள், மறுபடி உடைந்தது. அரைமணி நேரம் அதேதான். மூன்றாம் நாள் கிட்டாரை எடுத்துத் துடைத்து, கம்பிகளைப் பழைய சுருதிக்கு முறுக்கி, அவள் குரலுக்கு ஆதாரமாக வாசித்துக்கொண்டு இருந்தான். தம்பிக்குப் போன் செய்தான். "எங்கிட்ட அக்கா இருக்கும்போதே பேசிட்டா மாமா. மிச்சம் உங்களுக்குத்தான்" என்று தம்பி வைத்துவிட்டான். மேனேஜர் நேரில் வந்து படியிலேயே நின்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை ஒரு அரங்கத்தில் வைத்தால் என்ன என்றார். "அவ பாடல. முயற்சி பண்ணிக்கிட்டிருக்கா. அதை யாரும் பாக்கக் கூடாது" என்றான் கணவன். "நீ பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் இறங்கிப் போனார். 

பன்னிரண்டாம் நாள் அவள் கெட்ட வார்த்தையில் திட்டினாள். யாரை என்று சொல்லவில்லை. பதினேழாம் நாள் பாடவில்லை, மாத்திரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக மேடையில் குழுவினரை அறிமுகப்படுத்தும் குரலில் அறிவித்தாள். கைதட்டலுக்கு இடைவெளி விட்டாள். இருபத்து நான்காம் நாளிலிருந்து ஏறுவதைவிட மூச்சு வாங்குவதுதான் அதிகம். அந்த உச்சியை அவள் ஒருமுறையும் தொடவில்லை. கீழே பட்டறையில் மூன்றேகால் ஆனால் காற்றடிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள்.

முப்பதாம் நாள் அவள் செருமவில்லை. "டேய்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"கேட்டுக்கிட்டிருப்ப. உனக்கு வேற வேலை கிடையாது." இடைவெளி. அவன் ஆமாம் என்று சொல்வதற்குச் சரியாகப் போதுமான இடைவெளி. "அன்னிக்கு நீ எதுக்கு அப்படிப் பேசினேன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. கணக்குப் போட்டுத்தான் பேசின. ஆனா பொய் சொன்னா ஒரு நொடிகூடத் தள்ளாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால இது எவ்வளவு நாள் கழிச்சு வருதோ, அவ்வளவுக்கு நீ சொன்னது நெஜம். எவ்வளவுன்னு பாக்க நான் இருக்க மாட்டேன். நீயே எண்ணிக்க."

அவன் ஏற்கனவே எண்ணியிருந்தான். சுவரில், பூஜ்யம் புள்ளி நான்குக்குக் கீழே, கடைசியாக எழுதியிருந்தது அந்த எண்தான்.

அவள் வெகுநேரம் மூச்சு வாங்கினாள். "சரி, விடு. கம்பியை இறக்கு" என்றாள். "அரை போதாது. முழுசா இறக்கு. டைம் தர்றேன்."

இறக்கத் தொடங்கினான். ஒரு மாதமாக மேலே முறுக்கி வைத்திருந்த ஆறு கம்பிகள். அந்தக் காலத்தில் ஆறையும் இறக்க அவனுக்கு எவ்வளவு நேரமாகும் என்பது அவளுக்குத் தெரியும். பதினோரு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள். அந்த நேரத்தைத்தான் கொடுத்தாள். ஆனால் நெடுநாள் கிட்டாரைத் தொடாமல் இருந்த கை அது; இந்த ஒரு மாதத்தில் பழைய வேகம் திரும்பியிருக்கவில்லை. முதல் கம்பியிலேயே பாதி நேரம் போனது. நான்காவதை முடித்து ஐந்தாவதன் திருகில் விரலை வைத்தபோது, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று அவள் எண்ணித் தொடங்கிவிட்டாள். நிறுத்தச் சொல்ல வழியில்லை. இறங்கிய நான்கு கம்பியும் இறங்காத இரண்டு கம்பியுமாக வாசித்தான். பூட்டு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினாள். திற என்ற சொல்லைத் தாழ்ந்த சுருதியில் பிடித்தாள். ஒன்பது நொடி நின்றது. இருமினாள். பிறகு எழுந்து தாழ்ப்பாளைத் தானே திறந்திருப்பாள். மைக் அந்தச் சத்தத்தை அன்றே கொடுத்துவிட்டது.

மறுநாள் மூன்றேகாலுக்குக் காற்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து மேலே பார்த்துக் கூப்பிட்டார். கணவன் ஜன்னலுக்கு வந்தான்.

"என்ன சார், இன்னிக்கு அக்கா இல்லையா?"

"முடிஞ்சிருச்சு."

"நேத்து நல்லாப் பாடினாங்க. உங்க கிட்டாருதான் சேரவே இல்ல."

"ரெண்டு கம்பி பாக்கி இருந்துச்சு" என்றான் கணவன்.

பட்டறைக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் இயந்திரத்தைப் போட்டார்.